நாலரை அடி உயரத்தில் ஒரு மனு

படிவத்தின் பதினான்காவது கேள்விக்கு மூன்று கோடுகள் இடம் விட்டிருந்தார்கள். காயம் ஏற்பட்ட நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது கேள்வி. டோரீன் ஹால்வர்சன் ஒரே கோட்டில் முடித்துவிட்டாள்.

'காற்றில் மிதந்துகொண்டிருந்தேன்.'

மீதி இரண்டு கோடுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். சேர்க்க எதுவும் தோன்றவில்லை. உறையை ஒட்டி அனுப்பிவிட்டாள்.

அவள் எழுதியதில் கற்பனை எதுவும் இல்லை. பைன் நேரோஸ் ஊரில் ஏரிக்கரைச் சாலையில், நீர்ச்சறுக்குப் பூங்காவுக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவே இருக்கும் மாயாஜால அரங்கில் அவள் இருபத்திரண்டு கோடைகளாக மிதந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு காட்சி. அவள் சோபாவில் படுப்பாள். மகா மொராவி என்று விளம்பரப் பலகையில் இருப்பவரும், வாக்காளர் பட்டியலில் லைல் கெஸ்லர் என்று இருப்பவருமான மனிதர் இரண்டு கைகளையும் உயர்த்துவார். டோரீன் மெல்ல எழும்பி நாலரை அடி உயரத்தில் நிற்பாள், படுத்த வாக்கிலேயே. லைல் ஓர் இரும்பு வளையத்தை அவள் தலை வழியாக விட்டுக் கால் வழியாக எடுப்பார். நான்கு நிமிடம். பிறகு இறங்கிவிடுவாள்.

இது எப்படி நடக்கிறது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இங்கும் சொல்லப்போவதில்லை. இருபத்தொன்பது வயதில், ஒரு பந்துருட்டு விளையாட்டரங்கின் பின்னறையில், மாயாஜாலக்காரர்கள் சங்கத்துப் பெரியவர்கள் பதினோரு பேர் முன்னால், ஒரு தொப்பியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். கணவன் ரோலண்டுக்கே தெரியாது. கல்யாணமான பத்தொன்பது வருடமாக அவன் சாப்பாட்டு மேசையில் ஊகித்துக்கொண்டிருக்கிறான்.

"காந்தமா?"

"சாப்பிடு."

சொல்லக்கூடியது ஒன்றுதான். அந்த நான்கு நிமிடமும் கழுத்திலிருந்து குதிகால்வரை உடம்பு பலகைபோல் விறைத்திருக்க வேண்டும். முகம் மட்டும் மதியத் தூக்கத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். முகத்துக்கும் முதுகுக்கும் நடுவே பேச்சுவார்த்தையே இருக்கக் கூடாது.

செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையன்று, பருவத்தின் கடைசிக் காட்சியில், மூன்றாவது நிமிடம் இடுப்புக்குச் சற்று மேலே காய்ந்த குச்சி ஒடிவதுபோல் ஏதோ ஒன்று ஒடிந்தது. டோரீன் இன்னொரு நிமிடம் அமைதியாகத் தூங்கினாள். இறங்கினாள். திரை விழுந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. பெண்ணை இரண்டாக அறுக்கும் பெட்டிக்குச் சக்கரம் இருந்ததால், அதில் படுக்கவைத்துக் கார்வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

முதுகுத் தட்டு பிதுங்கி இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார் அறுவை மருத்துவர். அறுவை செய்தால் சரியாகிவிடும். தாமதித்தால் உணர்வு போகும். "சுண்டு விரல்ல ஆரம்பிச்சு உள்பக்கமா வரும். போனது திரும்பி வராதும்மா," என்றார். வேலையில் பட்ட காயம் என்பதால் அறுவைக்கு மாநில உழைப்புக் காய வாரியத்தின் அனுமதி வேண்டும். அதற்குத்தான் அந்தப் படிவம்.

பத்து நாள் கழித்து வாரியத்திலிருந்து கர்ட் என்ற எழுத்தர் தொலைபேசியில் கூப்பிட்டான். மரியாதையான குரல்.

"எதுலேர்ந்து விழுந்தீங்க மேடம்?"

"விழலயே."

"அப்ப எது உங்க மேல விழுந்துச்சு?"

"எதுவும் விழல."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. "எங்கிட்ட முப்பத்தொரு கட்டம் இருக்கு மேடம். ஏணி, கூரை, படிக்கட்டு, டிராக்டர், மாடு. மாட்டுக்கு மட்டும் நாலு கட்டம். மிதக்கிறதுக்குக் கட்டம் இல்ல."

டோரீன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"ஏணின்னு போட்டுடட்டுமா? தெரியாதவங்க எல்லாருக்கும் ஏணின்னுதான் போடுவோம். ஏணிக்கு மூணே நாள்ல அனுமதி வந்துரும்."

டோரீன் யோசித்தாள். அன்று அரங்கில் நானூறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஏணியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அவள் இருபத்திரண்டு வருடம் உழைத்திருக்கிறாள்.

"ஏணி எதுவும் இல்லீங்க," என்றாள்.

நேர்மையானவர்களுக்கு இங்கே கொஞ்சம் நாளாகும் என்று கர்ட் சொன்னான். குற்றம் சொல்லும் தொனி இல்லை. நாளைக்கு மேகமூட்டம் என்பதைப்போல் சொன்னான்.

கோப்பு வான்வழிக் காயப் பிரிவுக்குப் போயிற்று. காற்றில் நடந்த விபத்துகள் எல்லாம் அவர்களுடையவை. அங்கிருந்து நான்கு பக்கப் படிவம் வந்தது. டோரீன் அடுக்களை மேடையில் நின்றபடியே நிரப்பினாள். உட்கார முடிவதில்லை. புறப்பட்ட இடம்: சோபா. சென்று சேர்ந்த இடம்: அதே சோபா. உச்ச உயரம்: நாலரை அடி. எரிபொருள்: இல்லை. வானிலை: உள்ளரங்கம். புறப்படுமுன் யாரிடம் அனுமதி பெறப்பட்டது: மகா மொராவி.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்றே என்பதால் பயணம் எதுவும் நடைபெறவில்லை. நடைபெறாத பயணத்தில் காயம் ஏற்படாது. ஆனால் உயரம் நான்கு அடியைத் தாண்டியிருப்பது பிரிவின் கவனத்துக்கு வந்திருப்பதால், கடிதத்தின் நகல் பணிப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது.

பணிப் பாதுகாப்புப் பிரிவு உடனே வேலை செய்தது. நான்கு அடிக்கு மேல் பணிபுரியும் எவரைச் சுற்றியும் கைப்பிடிக் கம்பி அமைக்க வேண்டும், அந்தக் கம்பி பணியாளர் நிற்கும் தளத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று லைலுக்கு எழுதியது. எந்தத் தளம் என்று லைல் கேட்டு எழுதினார். அதைத் தளத்தின் உரிமையாளர்தான் சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை, ஊரே கூடிச் சாப்பிடும் மீன் வறுவல் விருந்துக்கு வழக்கம்போல் போயிருந்த இடத்தில், கூட்டத்தில் யாரோ டோரீனின் இடது பாதத்தின் ஓரத்தை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றிச் சுண்டு விரலைக் கிள்ளிப் பார்த்தாள். அடுத்தவர் விரலைக் கிள்ளுவதுபோல் இருந்தது.

கர்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள். நல்ல செய்தி இருக்கிறது என்றான் அவன். அவளுடைய மனுவுக்காகவே வாரியம் ஒரு சொற்பொருள் துணைக்குழு அமைத்திருக்கிறது. மிதத்தல் என்றால் என்ன என்று அவர்கள் முடிவு செய்ததும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்துவிடலாம். முப்பத்திரண்டாவது கட்டம். வாரியத்தின் வரலாற்றில் ஒரு தனி மனுதாரருக்காகக் கட்டம் சேர்ப்பது இதுவே முதல்முறை என்று சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

துணைக்குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பொறியாளர் ஒருவர், நூலகத் துறையிலிருந்து ஓர் அம்மாள். ஐந்து வாரம் கூடினார்கள். அதில் ஒரு வாரம் மான் வேட்டைப் பருவம் தொடங்கியதால் மாநிலத்தில் எதுவுமே நடக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் பெறும் உரிமை மனுதாரருக்கு உண்டு என்பதால் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ரோலண்ட் அவற்றைச் சத்தமாகப் படித்துக் காட்டுவான். டோரீன் தரையில் மல்லாந்து படுத்துக் கேட்பாள்.

முதல் கூட்டத்தில் நூலக அம்மாள் மக்கள் இந்தச் சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பட்டியல் கொண்டுவந்திருந்தார். மேகம் மிதக்கிறது. தூசி மிதக்கிறது. இறகு மிதக்கிறது. பருந்து மிதக்கிறது. பேரக்குழந்தையின் சோப்புக் குமிழி மிதக்கிறது. பொறியாளர் ஒவ்வொன்றாக அடித்தார். பருந்து பறக்கிறது, அது சோம்பேறியாக இருப்பது வேறு விஷயம். இறகும் தூசியும் குமிழியும் விழுகின்றன, காற்று தடுப்பதால் தாமதமாக. மேகம் நுண்ணிய நீர்த்துளிகளால் ஆனது. துளிகள் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் விழுந்துகொண்டே இருக்கின்றன.

"மேகம் மிதக்கலயாம். மெதுவா விழுதாம்," என்றான் ரோலண்ட்.

"அப்ப மழை?"

"அது அவசரப்பட்ட மேகம்."

நான்காவது கூட்டத்தில் துணைக்குழு ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: மேலே ஏதேனும் பிடித்திருந்தால் அது தொங்குதல். கீழே ஏதேனும் தாங்கினால் அது கிடத்தல். தானே நகர்ந்தால் பறத்தல். கீழ்நோக்கி நகர்ந்தால் விழுதல். இந்த நான்கும் அல்லாமல், தன் எடையை எதன்மீதும் செலுத்தாமல் காற்றில் இருப்பதே மிதத்தல். இந்த வரையறைப்படி இயற்கையில் மிதப்பது எதுவும் இல்லை என்று கண்டறியப்பட்டது. மாநிலத்தில் மிதப்பவர் ஒருவர், அவர் மனுதாரர்.

"உன்னப் பத்தி எவ்வளவு உயர்வா எழுதியிருக்காங்க பாரு," என்றான் ரோலண்ட்.

டோரீன் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டு விரலுக்கு அடுத்த விரலும் போய்விட்டிருந்தது.

விசாரணை டிசம்பர் இரண்டாம் வாரம். ரோலண்ட் கார் ஓட்ட, லைல் முன்னால் உட்கார, டோரீன் பின் இருக்கையில் நீட்டிப் படுத்தபடி நூறு மைல் போனார்கள். விசாரணை அறையில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். மனுதாரர் நிற்பதைப் பதிவு செய்துகொள்ளுமாறு வாரியத் தலைவர் எல்ட்ரிட்ஜ் ஹோம்குவிஸ்ட் எழுத்தருக்குச் சொன்னார். நிற்க முடிகிறது என்பது பதிவாயிற்று. அவருக்குப் பின்னால் கோட்டுத் தாங்கியில் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பி மாட்டியிருந்தது.

தலைவர் முதலில் வாரியத்தைப் பற்றி நான்கு வார்த்தை பேசினார். இருபத்தாறு வருடமாக இந்த நாற்காலியில் இருப்பதாகவும், இதுவரை ஒரு காயத்தையும் நேரில் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

"பார்த்தா இரக்கம் வந்துரும். ஒருத்தர் மேல இரக்கம் வந்தா இன்னொருத்தருக்கு அநியாயம். அதனால நாங்க யார் மேலயும் இரக்கப்படுறதில்ல. இதுல ஒரு தடவகூட நாங்க தவறினதில்ல."

வாரிய மருத்துவர் பிரெண்டெல் அடுத்துப் பேசினார். டோரீனின் முதுகு ஸ்கேன் படங்களை அவர் பார்க்கவில்லை. துணைக்குழுவின் வரையறையைப் பார்த்திருந்தார். எடையை எதன்மீதும் செலுத்தாத நிலையில் முதுகெலும்புக்கு வேலையே கிடையாது என்றார். மருத்துவ மொழியில் அதற்கு ஓய்வு என்று பெயர். ஒரு கோடைக்கு நூறு நாள், ஒரு நாளைக்கு இரண்டு காட்சி, ஒரு காட்சிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தார். மனுதாரர் வேலை நேரத்தில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று மணி நேரம் ஓய்வெடுத்திருக்கிறார். இவ்வளவு ஓய்வெடுத்த முதுகைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார்.

லைலைக் கூப்பிட்டார்கள். அவருக்கு அறுபத்தெட்டு வயது. சத்தியம் செய்ய ஒரு கையை உயர்த்தச் சொன்னபோது, பழக்க தோஷத்தில் இரண்டையும் உயர்த்தி, உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டி, சட்டைக் கையையும் மேலே இழுத்துவிட்டார்.

அந்தப் பெண்மணியை ஏதாவது தாங்கிக்கொண்டிருந்ததா என்று தலைவர் கேட்டார்.

"நான் வளையத்த விட்டேனுங்க. தலையிலேர்ந்து கால்வரைக்கும். அப்புறம் காலிலேர்ந்து தலைவரைக்கும். நீங்களும் ஒரு தடவ வந்திருக்கீங்க. மூணாவது வரிசை. கூட ரெண்டு பேரப்பிள்ளைங்க."

தலைவர் தலையசைத்தார். தான் வந்ததும், கம்பியோ பலகையோ இல்லாததைக் கண்ணால் பார்த்ததும் உண்மை என்றார். ஆனால் அது தம் சொந்த அறிவு, ஆகவே விசாரணையில் பயன்படுத்த முடியாது.

பிறகு டோரீனைப் பார்த்தார். கதவை மூடிவிடலாம், எழுத்தரையும் வெளியே அனுப்பிவிடலாம், எப்படிச் செய்கிறார்கள் என்று வாரியத்துக்கு மட்டும் சொல்லலாம் என்றார். அவர் முன்னால் குனிந்ததில் வாரியத்தின் ஆர்வம் தெரிந்தது. மூன்றாவது வரிசையின் ஆர்வமும் தெரிந்தது.

"சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள் டோரீன்.

"ஏதோ ஒண்ணு தாங்குச்சுன்னு சொன்னீங்கன்னா, நீங்க மிதக்கல. அப்ப படிவத்துல எழுதினது பொய், மனு தள்ளுபடி. எதுவும் தாங்கலன்னு சொன்னீங்கன்னா, நீங்க ஓய்வுல இருந்தீங்க. அப்பவும் தள்ளுபடி. ரெண்டு வழியும் உங்களுக்குத் திறந்திருக்கு. வாரியம் ரெண்டையும் சமமா மதிக்குது."

ரோலண்ட் ஏதோ சொல்ல எழுந்தான். டோரீன் கையால் அமர்த்தினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவளுடைய தொழிலில் அவளுக்கு வசனமும் கிடையாது.

"ஐயா, மிதக்கிறதுன்னா என்னன்னு அஞ்சு வாரம் உக்காந்து எழுதினீங்க. மிதக்கிறவளக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேக்கல. பாக்கிறவங்களுக்கு எனக்குப் பாரமே இல்லன்னு தெரியணும். அதுதான் என் வேல. ஆனா என் எடை நூத்தி முப்பத்தெட்டு பவுண்டு. சோபாவுல படுக்கிறப்பவும் அவ்வளவுதான், எழுந்திரிக்கிறப்பவும் அவ்வளவுதான். நடுவுல அந்த நாலு நிமிஷம் அது எங்க போகும்னு நினைக்கிறீங்க?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த துணைக்குழுப் பொறியாளர் கூரையைப் பார்த்தார். நூலக அம்மாள் எதையோ எழுதப்போய் நிறுத்தினார்.

"நல்ல கேள்வி," என்றார் தலைவர். "ஆனா இந்த அறையில கேள்வி கேக்கிற அதிகாரம் மனுதாரருக்கு இல்ல." அந்தப் பகுதியைப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் நாற்பது மைல் வந்திருந்தார்கள். பனி லேசாக விழுந்துகொண்டிருந்தது. வாரியத்தின் கணக்கில் அது மிதக்கவில்லை. லைல் பின்னால் திரும்பாமலே சொன்னார்.

"நீ சொல்லிடறதுன்னா சொல்லிடு டோரீன். சங்கத்துல என்னைத் தள்ளி வைப்பாங்க. வச்சா வச்சிட்டுப் போறாங்க. உன் காலு."

"சொன்னாலும் தள்ளுபடிதானே லைல்."

"ஆமால்ல," என்றார் லைல். அவர் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். டோரீன் பின் இருக்கையில் இடது காலின் நடுவிரலை அசைத்துப் பார்த்தாள். உணர்வு இருந்தது.

தீர்ப்பு ஆறு நாளில் வந்தது. மனு தள்ளுபடி செய்யப்படவில்லை, ஏற்கப்படவுமில்லை. அறுவை கேட்கும் எவரும் முதலில் பத்து வேலைநாள் லேசான பணி செய்து காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வேலைக்குப் பயந்து அறுவைக்கு ஓடி வருகிறவர்களை வடிகட்டுவதற்காக ஏற்பட்டது. டோரீன் உட்காரவோ நிற்கவோ குனியவோ தூக்கவோ கூடாது என்று அவளுடைய அறுவை மருத்துவரே எழுதியிருந்தார். உறை ஒட்ட உட்கார வேண்டும். கோப்பு அடுக்க நிற்க வேண்டும். முதுகெலும்பின்மேல் எடையே விழாத பணி மாநிலத்தில் ஒன்றுதான் உண்டு என்று டாக்டர் பிரெண்டெல் சான்றளித்திருந்தார். ஆகவே மனுதாரர் திங்கட்கிழமை முதல் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை வாரிய அலுவலகத்தில் மிதக்க வேண்டியது. மதியம் அரைமணி இடைவேளை. லைலின் சாமான்கள் எதையும் வாரியக் கட்டடத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை.

ரோலண்ட் அதை மூன்று முறை படித்தான். மூன்றாவது முறை மெதுவாக.

டோரீன் போனாள். போகாவிட்டால் ஒத்துழைக்காதவர் என்று கோப்பை மூடிவிடுவார்கள். ரோலண்ட் விடியுமுன்னே எழுந்து காரின்மேல் இருந்த பனியைத் தள்ளினான். அலுவலகத்தில் கர்ட் காத்திருந்தான். நேரில் பார்க்க அவன் குரலைவிடச் சின்னப் பையனாக இருந்தான். கூட்ட அறைக்கு அழைத்துப் போனான். எங்கே மிதப்பது என்று கேட்டான். டோரீன் சுற்றிலும் பார்த்தாள். பன்னிரண்டு பேர் உட்காரும் நீள மேசை இருந்தது. அதில் ஏறி மல்லாந்து படுத்தாள்.

கர்ட் ஒரு வளையம் வாங்கி வைத்திருந்தான். குழந்தைகள் இடுப்பில் சுற்றும் இளஞ்சிவப்பு வளையம். விதிப்படி மணிக்கொருமுறை விட்டுப் பார்க்க வேண்டும். தலையில் மாட்டி, தோள்வரை கொண்டுவந்தான். மேசையில் இடித்தது. மறுபடி முயன்றான். மறுபடியும் இடித்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. டோரீனுக்குப் பாவமாக இருந்தது.

மேலே கேட்டு எழுதினான். மதியத்துக்குள் தலைவரின் விளக்கம் வந்துவிட்டது: மேசை வாரியத்தின் சொத்து. வாரியம் மனுதாரர் எவரையும் தாங்குவதில்லை. ஆகவே வாரியத்தின் மேசையைத் தாங்கலாகக் கொள்ள முடியாது.

அதன்பின் எல்லாம் சுலபமாக நடந்தது. கர்ட் தரையிலிருந்து அளந்து 'உயரம்: இரண்டரை அடி' என்று எழுதினான். நான்கு அடிக்குக் கீழே என்பதால் கைப்பிடிக் கம்பி தேவைப்படவில்லை. அந்த அறையில் ஏற்கெனவே முடிவாகியிருந்த கூட்டங்களை மாற்ற முடியாது என்பதால் அவை அவளைச் சுற்றியே நடந்தன. வாகன நிறுத்தம் பற்றி ஒன்று, காப்பி இயந்திரம் பற்றி மூன்று. பேசுகிறவர்கள் அவளுக்கு மேலாக எதிர்ப்பக்கம் பார்த்துப் பேசினார்கள். ஒருமுறை யாரோ மறதியாக அவள் வயிற்றின்மேல் ஒரு கோப்புக் கட்டை வைத்துவிட, கர்ட் ஓடிவந்து எடுத்தான். மிதக்கிறவர்மேல் பாரம் வைக்கக் கூடாதாம். இடைவேளையில் மற்ற மாடிகளிலிருந்து வந்து எட்டிப் பார்த்துப் போனார்கள். கணக்குப் பிரிவிலிருந்து வந்த ஒரு பெண், மேலே குளிருகிறதா என்று கேட்டாள். கொஞ்சம் என்றாள் டோரீன். அந்தப் பெண் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தக் கட்டடத்தில் யாரும் எழுத்து மூலம் கேட்காமல் ஒன்றைக் கொடுத்தது அதுதான்.

பத்தாம் நாள் மாலை டாக்டர் பிரெண்டெல் வந்து கோப்பைப் பார்த்தார். எழுபத்தைந்து மணி நேரம், ஒருமுறைகூட விழவில்லை. மனுதாரர் வேலைக்குப் பயப்படுகிறவர் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அனுமதி கிடைத்துவிட்டது.

ஜனவரியில் அறுவை நடந்தது. நன்றாகவே நடந்தது. வலி போயிற்று. பிப்ரவரியில் டோரீன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நடுவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்டு விரலும் அடுத்ததும் மட்டும் திரும்பி வரவில்லை. படியில் இறங்கும்போது இடது பாதத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோடைக்கு லைல் வேறு ஆள் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். லைல் பார்க்கவில்லை. முயல் வித்தையோடு நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

அறுவைக்குப்பின் நிலை என்ன என்று வாரியம் ஒரு படிவம் அனுப்பியது. அவள் உள்ளதை எழுதினாள். இடது காலின் இரண்டு விரல்கள் தரையை உணர்வதில்லை.

மார்ச் மாதம் பதில் வந்தது. ரோலண்ட் நின்றுகொண்டே படித்தான்.

'தரையை உணராத உறுப்பு தன் எடையைத் தரைமீது செலுத்துவதாகக் கொள்வதற்கு ஆதாரம் இல்லை. தாங்கள் குறிப்பிடும் விரல்கள் மேலே பிடிக்கப்படவில்லை, கீழே தாங்கப்படுவதாக அவற்றுக்கே தெரியவில்லை, தாமாகப் பறக்கவில்லை, விழவுமில்லை. ஆகவே வாரியத்தின் வரையறைப்படி அவை மிதக்கின்றன. மிதத்தல் தங்களுடைய தொழில் என்பதால் தாங்கள் பணிக்குத் திரும்பிவிட்டதாக மகிழ்ச்சியுடன் பதிவு செய்து, காயக் கோப்பை மூடுகிறோம். மேற்படி விரல்கள் பணியிலிருக்கும் நேரத்தை இணைப்பில் உள்ள படிவத்தில் வாரந்தோறும் தவறாமல் தெரிவிக்கவும்.'

ரோலண்ட் தொலைபேசியைத் தேடினான். அவன் சொல்லிக்கொண்டு போனவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. டோரீன் அவனிடமிருந்து கடிதத்தை வாங்கி, இணைப்பைப் பிரித்து, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமைக் கட்டத்தில் இருபத்துநான்கு என்று எழுதினாள். செவ்வாயிலும் இருபத்துநான்கு. இடைவேளை என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள்.

"என்ன பண்ற?" என்றான் ரோலண்ட்.

"கேட்டிருக்காங்கல்ல."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் உணர்ச்சி வந்துடுதா என்ன?"

ஏழு கட்டத்தையும் முடித்து மொத்தம் நூற்று அறுபத்தெட்டு என்று போட்டாள். கூட்டலை ஒருமுறை சரிபார்த்தாள். இணைப்பில் வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் ஐம்பத்திரண்டு தாள்கள் இருந்தன. காப்பி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் அப்படியே நிரப்பிவிட்டாள்.